அளவான தப்பு

டிரீனா முதலாளியின் கண்ணெதிரிலேயே இன்னொரு தட்டைக் கீழே போட்டாள். பீங்கான் சிதறி, அவித்த பீன்ஸ் தரையெல்லாம் தெறித்தது.

கல்லாவில் உட்கார்ந்திருந்த வெண்டல் நிமிர்ந்து பார்த்தார்.

"கையைக் கிழிச்சுக்காதம்மா, பாத்துப் பொறுக்கு" என்றார். அவ்வளவுதான். இடுப்பைத் தடவிக்கொண்டு மறுபடி காப்பியைக் குடிக்க ஆரம்பித்தார்.

டிரீனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் வேண்டுமென்றே தாமதமாக வந்தாள். ஆம்லெட் கேட்டவருக்குச் சோள ரொட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். சாப்பிட வந்த பாதிரியாரிடம், "உங்க பிரசங்கத்தைக் கேட்டாத்தான் எனக்கு நல்லாத் தூக்கம் வருது" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, டிப்ஸை வழக்கத்தைவிட அதிகமாக வைத்துவிட்டுப் போனார். அது வேறு வயிற்றெரிச்சல்.

சமையல்காரர் ஓட்டிஸ் அடுப்படி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னிக்கு உன்னை என்ன பிடிச்சு ஆட்டுது?"

"கடை மூடினதும் பின் ரூமுக்கு வரச் சொல்லியிருக்காரு. சம்பளம் ஏத்தப் போறாரு ஓட்டிஸ்."

"ஏத்தினா வாங்கிப் பையில போட்டுக்கயேன். கசக்குதா?"

"மணிக்கு அரை டாலர் ஏறினாக்கூட வருமான வரம்பைத் தாண்டிடும், ஏழைங்களுக்கான சர்க்கார் மருத்துவ அட்டை போயிடும். என் முடக்குவாத ஊசி என்ன விலைன்னு தெரியுமா? கைக்காசு போட்டு வாங்கணும்னா என்னையே வித்தாலும் பத்தாது. ஊசி இல்லேன்னா இந்த விரலெல்லாம் மடங்கிப் போயிடும்."

"ஏத்தப் போறாருன்னு யார் சொன்னா?"

"சொல்லணுமா? ரெண்டு நாளா அந்த அட்டையைப் பத்தியே கேட்டுட்டிருக்காரு. ஊசிக்கு நிஜமாவே ஒண்ணும் தர வேணாமா, ஆபரேஷன்னாலும் அவங்களே பாத்துக்குவாங்களான்னு. என்மேல பரிதாபம் வந்துடுச்சு மனுஷனுக்கு."

"அப்ப அடுக்கோட போட்டு உடை. வேலையை விட்டே தூக்கிடுவாரு."

"தூக்கினாலும் அட்டை போச்சே. வேலை பாக்கிறவங்களுக்குத்தான் அட்டைன்னு சட்டம் வந்திருக்கே. அதான் அளவா உடைக்கிறேன்."

ஓட்டிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். நல்ல மனிதர், யாருக்காவது கஷ்டம் என்றால் தாங்காது.

"வேணும்னா சூப்புல உப்பை அள்ளிப் போட்டுடறேன். நீ போட்டதாச் சொல்லிக்க."

மூலையில் ஓடிக்கொண்டிருந்த டிவியில், கோட்டுப் போட்ட இரண்டு பேர் ஏழைகளுக்கு முன்னேறுகிற ஆசையே இல்லை என்று காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நல்ல ஆரோக்கியம், பார்த்தாலே தெரிந்தது. உப்புச் சூப்பைக் குடித்த லாரி டிரைவர் ஒருவர், இந்தக் கடையில் இன்றைக்குத்தான் சாப்பாட்டில் ருசி இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மதியக் கூட்டம் ஓய்ந்து கதவைப் பூட்டியதும் டிரீனா பின் அறைக்குப் போனாள். வெண்டல் மேஜையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி மெதுவாக நாற்காலியில் இறங்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"முதலாளி, நான் சுத்த மோசமான வேலைக்காரி. நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன்."

"ஒரு காசுகூட ஏத்திடாதீங்க. வேலையை விட்டும் அனுப்பிடாதீங்க. இப்படியே விட்டுட்டா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சம்பளம் ஏத்தறதுக்குன்னு யார் சொன்னா? அந்தப் பேச்சுக்கே கூப்பிடல."

டிரீனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

வெண்டல் சாவிக் கொத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எனக்கு இடுப்பெலும்பை மாத்தியே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கட்டிட்டிருந்த இன்சூரன்ஸ் தவணை, கடை வாடகையையும் தாண்டிடுச்சு, விட்டுட்டேன். இந்த வருமானம் என் பேர்ல வர்ற வரைக்கும் சர்க்கார் அட்டையும் கிடையாதாம்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும் முதலாளி?"

அவர் சாவிக் கொத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"கடையை நீ எடுத்துக்கம்மா, உன் வேலையை எனக்குக் குடு."