பக்கப் பார்வை

"பயப்படாத. நான் இங்கயேதான் இருப்பேன்" என்றபடி மனைவியின் தோடுகளைத் தன் கையாலேயே கழற்றினான் அவன். ஸ்கேன் அறைக்குள் பொட்டு உலோகம்கூடப் போகக் கூடாதாம்.

அவளுக்கு ஆறாம் மாதம். கொஞ்ச நாளாகவே மண்டையைப் பிளக்கும் வலி. நேரே இருப்பது தெரிந்தது. இரண்டு பக்கமும் திரை போட்டதுபோல் இருட்டு. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளாத நாளில்லை. மூளையில் கட்டியாக இருக்குமோ என்று கண் டாக்டர் சந்தேகப்பட்டுத்தான் இங்கே அனுப்பியிருந்தார்.

தாய் தகப்பன் போனபின் அவள் தூக்கி வளர்த்த தங்கைதான், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

படத்தைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் தெளிந்தது.

"கட்டி இல்லம்மா. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. அது ரெண்டு பக்கமும் சமமா வீங்கி, கண் நரம்பை அழுத்துது. கர்ப்பத்துல அபூர்வமா வர்றதுதான். மாத்திரையில வத்திடும்னு நினைக்கிறேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தங்கைதான் துருவித் துருவிக் கேட்டாள்.

"அப்போ அக்காவுக்குப் பக்கத்துல சுத்தமா தெரியாதா டாக்டர்? நிழல் மாதிரிகூடவா?"

"இப்போதைக்குத் தெரியாது."

எவ்வளவு அக்கறை என்று அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்த முறை போனபோது புதுப் படத்தில் வீக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"என் மூக்கையே பாருங்க. தலையைத் திருப்பக் கூடாது. பக்கத்துல ஏதாவது தெரியுதா?"

மூக்கையே பார்த்தாள். வலப்பக்கத்துத் திரை விலகியிருந்தது. முதலில் சுவர் தெரிந்தது. பிறகு, டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஓரமாகக் கிடந்த பெஞ்சு. அதில் அவன். அவன் விரல்களுக்குள் தங்கையின் விரல்கள்.

அந்தக் கையைத் தூக்கி உதட்டில் ஒற்றிக்கொண்டான். இருவரும் அவளைப் பார்த்தபடியேதான் இருந்தார்கள். துளி பயமில்லை.

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. போய் நிற்க அவளுக்கு வேறு வாசல் கிடையாது. மூக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் இருட்டாத்தான் இருக்கு டாக்டர்."