ஆள் தேவையா?

2018 நவம்பர் 14, புதன்கிழமை, முற்பகல் பத்தே முக்கால், வெளியே தூறல். அலுவலக சர்வரின் பழைய மென்பொருள் தினமும் ஒருமுறை நின்றுவிடும். அதை மறுபடி ஓடவிடுவதே ஒன்பது ஆண்டுகளாகச் செண்பகவல்லியின் வேலை. மகளின் காதுகுத்திலிருந்துகூடப் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். புதிய பதிப்புக்கு மாற ஒப்புதல் கேட்கும் தாளை மேலாளர் இக்னேஷியஸிடம் நீட்டினாள். 'பராமரிக்க ஆள் தேவையா?' என்ற கட்டத்தில் 'தேவையில்லை' என்று அவளே எழுதியிருந்தாள்.

"தேவைன்னு போட்டா யாரும்மா வந்து கேக்கப்போறா? உங்க வேலைக்கு நீங்களே வேட்டு வைக்கிறீங்களே!"

"புதுசை நாப்பது நாள் ஓட்டிப் பாத்துட்டேன் சார். ஒருதடவைகூட நிக்கல."

அவர் மைப்பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு கையெழுத்திட்டு நீட்டினார். மை காயட்டும் என்று பொறுத்திருந்து, செண்பகவல்லி அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.