யார் கறப்பது?

"முடியும்னா முடியும்னு சொல்லு, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. வழவழா கொழகொழான்னு இழுக்காதே, கிழவா!"

ஒதெத் பட்டாணி சூப் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசைமேல் கனடா வரைபடத்தை விரித்தாள். எதிரே அவள் கணவர் ரெஜான் ரொட்டித் துண்டால் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடம் ஆகிறது. இருவரும் கியூபெக் எல்லையைத் தாண்டியதில்லை. நாற்பத்திரண்டு கறவை மாடுகள். காலை ஐந்துக்கு ஒரு கறவை, மாலை நாலுக்கு ஒரு கறவை. இதில் எங்கே ஊர் சுற்றுவது?

"பத்தாம் தேதி மான்ட்ரியல்ல ஏறறோம். டொரன்டோவில மாறினா, அப்புறம் மூணு ராத்திரி ரயில்லயே. மலைக்கு நடுவுல ஜாஸ்பர்ல இறங்கி மூணு நாள். அங்கேருந்து வான்கூவர். கடலைப் பாத்துட்டுத் திரும்பறோம். மொத்தம் பதினாலே நாள்."

"சரக்கு ரயிலுக்கெல்லாம் வழிவிட்டு இதை நிறுத்தி வெச்சிடுவானாம். ஒரு நாள் லேட்டாகுமாம்."

"ஆகட்டுமே. உனக்கு என்ன ஆபீசா கெட்டுப்போகுது?"

"எனக்கு நாப்பத்திரண்டு ஆபீசு இருக்கு, கிழவி. எல்லாம் உங்கப்பன் விட்டுட்டுப்போன பண்ணை, உன் பேர்ல இருக்கற மாடு. நான் சம்பளமில்லாத வேலைக்காரன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. நிற்கவே இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க இருமினார். ஒதெத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

வைக்கோல் தூசியும் பூஞ்சையும் நுரையீரலைத் தின்றுவிட்டன என்று போன வசந்தத்திலேயே டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு குளிர்காலம் கொட்டகையில் கழித்தால் அடுத்த வசந்தம் நிச்சயமில்லை என்றார். ரெஜான் அதற்கு, "மாடு இருக்கற வரைக்கும் நான் கொட்டகைக்குப் போவேன், டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஒதெத் அழுதாள், கெஞ்சினாள், மூன்று நாள் பேசாமலிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நாலு மணியானால் அவர் கால் தானாகக் கொட்டகைக்குப் போய்விடும்.

எப்படியாவது இந்த மனுஷரைப் பத்தாம் தேதி ரயிலேற்றிவிட வேண்டும். இல்லையென்றால் எல்லாம் போச்சு. அதற்குமேல் அவளிடம் வேறு வழி இல்லை.

"கல்யாணத்தன்னிக்கு விருந்து பாதியிலே கறக்க ஓடின ஆளு நீ" என்றாள். "வெள்ளை கவுனோட நான் வாசல்ல நின்னேன். ஊரே சிரிச்சுது. அன்னிக்கி ஏதாவது கேட்டேனா? இத்தனை வருஷத்துல ஏதாவது கேட்டிருக்கேனா? இது ஒண்ணுதான் கேக்கறேன், ரெஜான்."

அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதுவிட்டாள்.

ரெஜான் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். விரலால் தண்டவாளக் கோட்டைத் தொட்டுக்கொண்டே மேற்கே போனார். கடல் வந்ததும் விரல் நின்றது.

"யார் கறக்கறது?"

"ஜெர்மேன்கிட்ட சொல்லிட்டேன். பதினாலு நாளும் அவன் பாத்துக்கறானாம்." ஜெர்மேன் பக்கத்துப் பண்ணைக்காரர். ஒதெத் வரைபடத்தின் மடிப்பைத் திரும்பத் திரும்ப நீவினாள்.

"நல்லவன்" என்றார் ரெஜான். "ரயில் எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு மேல."

"அப்போ காலைக் கறவை நான் கறந்துட்டுத்தான் கிளம்புவேன். கொட்டகைக்கு யாரும் கூட வரக்கூடாது."

"சரிப்பா, சரி."

"திரும்பி வர்றப்போ இங்க பகலா இருக்குமா, ராத்திரியா?"

"ராத்திரி ஒன்பது ஆயிடும். ஏன், மறுநாள் காலைல வர்ற மாதிரி மாத்தணுமா?"

"வேண்டாம், வேண்டாம். ராத்திரியே இருக்கட்டும்." வரைபடத்தை அவளிடமே நகர்த்தினார். "சரி, போலாம்."

ஒதெத்துக்கு நம்பிக்கை வரவில்லை. "நெஜமாவா?"

"அதான் சொல்லிட்டேனே. டிக்கெட் எடு."

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வான்கூவர் கடலும் வேண்டாம், ஜாஸ்பர் மலையும் வேண்டாம், அவர் மூச்சு இருந்தால் போதும் என்று தோன்றியது.

கடிகாரத்தில் நாலடிக்கப் பத்து நிமிடம். ரெஜான் எழுந்து ரப்பர் பூட்சை மாட்டினார். குனிந்ததில் மறுபடி இருமல். தொப்பியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். குளிர்காற்றோடு மாடுகளின் குரல் உள்ளே வந்தது. மடி கனத்துவிட்டால் அவை இப்படித்தான் கூப்பிடும்.

வெளியே பார்த்தபடியே நின்றார்.

"நேத்து மாதா கோயில்ல ஜெர்மேனைப் பாத்தேன். ஒன்பதாம் தேதி கிளம்பி மக வீட்டுக்குப் போறானாம், மாசக் கடைசிலதான் வருவானாம். நீ அவன்கிட்ட எதையும் கேக்கலைன்னும் சொன்னான்."

ஒதெத்தின் கை வரைபடத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

"நாம ரயில்ல இருக்கறப்போ, மாட்டையெல்லாம் உன்கிட்ட வாங்கினவன் லாரி கொண்டு வருவான்ல, கோகெத் பசுவைக் கடைசியா ஏத்தச் சொல்லு" என்றார் ரெஜான். "பலகை ஏற பயப்படுவா. அடிக்க வேண்டாம், கழுத்தைத் தடவிக் கூப்பிட்டா தானா வந்துடுவா."