தேனுகாவுக்கு ஒரு வேடம்

“‘எல்லாரும் வரலாம்’ எண்டு வாசலிலை பெரிசா எழுதிப்போட்டு, என்ர பிள்ளையை மட்டும் ஏன் ரீச்சர் வெளியிலை நிப்பாட்டுறியள்?”

கமலாட்சி போட்ட சத்தத்தில் ஒட்டுசுட்டான் பொதுமண்டபமே அதிர்ந்தது. அவளுக்குப் பின்னால் பத்து வயது மகள் தேனுகா விரல்களைப் பிசைந்துகொண்டு நின்றாள். உள்ளே நாடகம் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுரேகா ரீச்சருக்குப் பெரிய சங்கடம்.

“கோவிக்காதேங்கோ அக்கா. மற்றப் பிள்ளையள் கனகாலமா ஒண்டாப் பழகினவை. தேனுகா சொல்லுறது அவையளுக்கு விளங்காது. அவையள் சொல்லுறது இவவுக்குப் பிடிபடாது. மேடையிலை தடுமாறி நிண்டாவெண்டால் பிள்ளையின்ர மனம்தானே நோகும்?”

“நோகட்டும்! பள்ளிக்கூடம் விட்டால் இந்த யன்னலடியிலைதான் நிக்கிறாள். சாப்பாடும் இல்லை, தண்ணியும் இல்லை. அவளாலை ஏலாதது ஒண்டு இருக்குது, ஓம். அதுக்காக ஒதுக்கி வைக்கிறதோ?”

ஒதுக்கி வைப்பது என்ற சொல் ரீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. அப்படி ஒருவரையும் ஒதுக்கக்கூடாது என்றுதானே இந்த நாடகக் குழுவையே தொடங்கினார்!

அதற்குள் யதுர்ஷிகா ஓடிவந்தாள். குழுவிலேயே கெட்டிக்காரி, துடியாட்டக்காரியும் அவள்தான். தேனுகாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ரீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரியக்கா. யானை வயலுக்கை இறங்கீட்டுதெண்டு ஊருக்குச் சொல்ல ஓடிவாற ஆள் ஒண்டு வேணும். ஒரேயொரு வசனம். யதுர்ஷிகா பழக்கட்டும்.”

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கண்ணாடிக்கு முன்னால் யானை, குசினி அடுப்படியில் யானை, கோழிக்கூட்டடியில் யானை. “பிள்ளை, சோறு ஆறுது!” என்று கமலாட்சி கத்திக் கத்திக் களைத்தாள். யானை போனபாடில்லை.

நாடக நாளும் வந்தது. மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. முன்வரிசைக் கதிரையில் இருந்த கமலாட்சி, சேலைத் தலைப்பைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

தேனுகா மூச்சிரைக்க ஓடிவந்து மேடை நடுவில் நின்றாள். எல்லாம் மறந்துபோனவள்போல் விழித்தாள். கமலாட்சி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். பிறகு, ஒரே மூச்சில் தேனுகா வசனத்தைச் சொல்லி முடித்தாள். அவ்வளவுதான்! மேடையில் நின்ற பிள்ளைகள் தீப்பந்தங்களைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் பறந்தார்கள்.

ஆனால் சபையில் ஒரு கைதட்டல்கூட இல்லை. கமலாட்சி பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். மண்டபம் முழுக்கக் கைகள் தலைக்கு மேல் உயர்ந்து, விரல்களை விரித்துப் படபடவென்று அசைந்துகொண்டிருந்தன!

திரை மூடியதும் தேனுகா பாய்ந்து வந்து தாயைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா! நான் வாயே திறக்கேல்லை! என்ர கை கதைச்சது அவையள் எல்லாருக்கும் விளங்கீட்டுது! பாத்தனீங்களே, கையை ஆட்டித்தான் அவையள் கைதட்டுறவை!”

காது கேளாத பிள்ளைகளின் அந்த நாடகக் குழுவில், காது கேட்கும் முதல் பிள்ளை அவள்தான்.