அட்டையில் விழுந்த வட்டம்

“அலமாரியைப் பார்த்தாலே ஆளை எடை போட்டுடுவேன்” என்று சொல்லிக்கொண்டுதான் அப்பா என் காதலனின் அறைக்கு வந்தார். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியே ஓய்வு பெற்றவர்; கௌபாய்களின் வரலாறு என்றால் உயிர். அவர் தலையாட்டினால்தான் எங்கள் கல்யாணம்.

மேல் தட்டு முழுக்கப் புரோகிராமிங் புத்தகங்கள். அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன தம்பி, கடையிலேர்ந்து வந்த மேனிக்கு இருக்கு? ஒரு பக்கம்கூட மடங்கலையே. அழகு பார்க்கவா?”

“படிச்சதுதான் சார்...”

“எனக்கே காது குத்துறீங்களா?”

அப்பா குனிந்து கீழ்த்தட்டிலிருந்து இரண்டு தடிப் புத்தகங்களை உருவினார். ஒன்று புரோகிராமிங் கையேடு, மற்றது கௌபாய் வரலாறு. இரண்டும் நைந்து, முதுகு பிளந்திருந்தன. கையேட்டின் அட்டையில் வட்டமாக ஒரு பள்ளம்.

அப்பாவின் முகம் மலர்ந்தது.

“பார்த்தியாம்மா? டீ கப்பை வெச்சு வெச்சே பள்ளம் விழுந்திருக்கு. இவன் படிக்கிறவன்! சீக்கிரம் தேதி குறிச்சுடலாம். தம்பி, ரெண்டையும் படிச்சுட்டுத் தரேன்.”

புத்தகங்களோடு அவர் தெருமுனையைத் தாண்டியதும், அவன் பெருமூச்சுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவனைத் தரையில் உருட்டியது. சாய்ந்த பக்கத்தில் குட்டையாக இருந்த காலின் அடிப்பக்கம், டீ கப் அளவுக்கு வட்டமாக இருந்தது.

“அடப்பாவி! அந்த ரெண்டும் இதுக்கு முட்டுக் கொடுத்ததா?”

“நீங்க வர்றீங்கன்னு காலையிலதான் உருவி அலமாரியில வெச்சேன்.”

“அப்ப அதைப் படிக்கவே இல்லையா?”

“படிச்சேனே. படிச்சதாலதான் கட்டிலுக்கு அடியில போட்டேன்.”