முப்பத்தாறாம் வருஷத்துக் காசு

"மாட்டினா கம்பி எண்ணணும் அத்தான்" என்றான் மச்சான். நகைப் பட்டறை வைத்திருப்பவன்.

"நீ வேலையைப் பாரு. எண்ணறதை நான் பாத்துக்கறேன்" என்றார் பழைய வெள்ளிச் சாமான் கடைக்காரர்.

மேஜைமேல் ஒரு பிரெஞ்சு வெள்ளிக்காசு. இருபது பிராங்க். முதல் உலகப் போர் ஓய்ந்து, அடுத்தது வருவதற்குள் அச்சானது. போன வாரம் எடைக்கு வாங்கிய உடைசல் வெள்ளியில் கிடந்தது.

காசுகளைப் பற்றிக் கடைக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் ஓய்வுபெற்ற பல் டாக்டர் சொன்னதுதான். அவர் மாதம் தவறாமல் வந்து நிற்பார். "இந்த வகையில முப்பத்தாறாம் வருஷத்துக் காசு அபூர்வம். கிடைச்சா ஒரு லட்சம் தரேன். மத்த வருஷமெல்லாம் வெறும் வெள்ளி, இருந்தா எடைக்கு எடுத்துக்கறேன்" என்பார்.

இல்லாததை உண்டாக்குவதுதானே வியாபாரம்! மச்சான் வருஷத்தின் கடைசி எண்ணை வழித்தெடுத்துவிட்டு, கடுகளவு வெள்ளியில் ஓர் ஆறு செய்து பற்றவைத்தான். கடைக்காரர் அசந்துபோனார்.

மறுநாள் டாக்டர் வந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாப்பது வருஷம் பல்லு கட்டினவன்யா நான். இந்த ஆறு, கட்டின பல்லு."

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், போலீசுக்குப் போயிடாதீங்க. அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். மானம் போயிடும். காசைச் சும்மாவே எடுத்துட்டுப் போங்க!"

"இங்க முதல்ல என்ன நம்பர் இருந்துது?"

"ஒம்பது சார். முப்பத்தொம்பது."

டாக்டர் தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. கடைக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். டாக்டர் அதைத் தொடவில்லை.

"போலீஸ்கிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது? முப்பத்தாறு என்கிட்ட நாலு கிடக்கு" என்றார், அழாத குறையாக. "முப்பத்தொம்பதுக்கு அதைப்போலப் பத்து மடங்கு விலை. கேட்டா உஷாராயிடுவீங்க, கேக்காம இருந்தா வெறும் வெள்ளின்னு உருக்கிடுவீங்கன்னுதான்யா, இருபது வருஷமா கடை கடையா முப்பத்தாறு முப்பத்தாறுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்!"