பொட்டு வாங்காத பூரிக்கட்டை

ஆயுத பூஜைக்காகத் தமயந்தி அடுப்படியைத் துடைத்து, வாசலில் மாவிலை கட்டினாள். அடுப்பைத் தவிர மிக்ஸி, குக்கர், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். ஆளுக்கொரு சாமந்திப் பூவும் கிடைத்தது. பாதி திறந்த டிராயருக்குள் கிடந்த பூரிக்கட்டையை மட்டும் மறந்தே போனாள்.

"எங்க அலங்காரத்தைப் பார்த்தியா? உன்னை ஒரு பொருளாவே மதிக்கலையே!" என்று மிக்ஸி சிரித்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நாத்தனார் குடும்பம் தொப்பலாக நனைந்து வந்து நின்றது.

"அண்ணி, சூடா இஞ்சி டீ போடுங்களேன்!"

மிக்ஸி நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் பக்கம் போன கையைத் தமயந்தி சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ, பொட்டு வச்சதை இன்னிக்குத் தொடக்கூடாது."

டிராயரை இழுத்துப் பூரிக்கட்டையை எடுத்தாள்.

டொக், டொக், டொக்! அடுப்படி முழுக்க இஞ்சி மணந்தது. கூடத்தில் குடித்தவர்கள் எல்லோரும் இன்னொரு தரம் கேட்டார்கள்.

"அடடா, உனக்குப் பொட்டே வைக்கலையே!" என்று தமயந்தி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள்.

பூரிக்கட்டை மேடையில் உருண்டு அவள் விரலுக்குத் தப்பியது.

"வேண்டாம் தாயி! என்னையும் உட்கார வச்சிட்டா அடுத்த டீக்கு என்ன பண்ணுவே?"